அடுத்த நிரையில் கால் வைத்தால்

ஹல்துமுல்லையிலிருந்து பண்டாரவளைக்குப் பஸ்ஸில் போகும் நேரமெல்லாம் நான் நிரலாக்கச் செய்திகள் கேட்பேன். கேட்பேன் என்பதைவிட, திட்டிக்கொண்டே கேட்பேன் என்பதுதான் சரி. காதுக்குள் ஒருவன் மூச்சுவிடாமல் கத்துவான். இந்த வாரம் எந்தக் கணினி மொழி செத்தது, எந்தக் கருவியை எந்தக் கருவி கொன்றது, இனி யார் யாருக்கு வேலை போகும். எல்லாம் மரண அறிவித்தல். வானொலியில் வாசிக்கும் மரண அறிவித்தலிலாவது செத்தவர் உண்மையாகவே செத்திருப்பார். இவன் போன மாதம் புதைத்த மொழியைத்தான் பண்டாரவளையில் ஒரு கணினி வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அது கல்லு மாதிரி இருக்கிறது.

தனியாகக் கேம் செய்கிறவர்களுக்கும் அவன் அறிவுரை சொல்வான். வேலையை விடு, கனவைப் பிடி, முதல் நிமிடத்திலேயே ஆடுகிறவனை அசத்து. இத்தனைக்கும் அவன் ஒரு கேமையும் செய்து முடித்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

நானும் ஒரு கேம் செய்துகொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டு முன்னறையில், மூடி திறக்கும்போதெல்லாம் முனகும் ஒரு பழைய லெப்டொப்பில். அதற்கு நான் எடுத்த எஞ்சின் திறந்த மூலம். யாரும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாம், மாற்றலாம். நான் ஏதோ கொள்கைக்காக அதை எடுத்தேன் என்று பின்னால் சிலர் எழுதினார்கள். கொள்கையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. என் லெப்டொப்பில் அது ஒன்றுதான் ஓடியது. அந்த எஞ்சினின் மன்றத்துக்குப் போனால் நாள் முழுக்கச் சண்டை. இலவசமாகச் செய்து கொடுத்தவனைப் பிடித்து, ஏன் இது இல்லை, ஏன் அது இல்லை, எப்போது வரும் என்று உலுக்குவார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கூட்டம் எந்த நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

கேம் இதுதான். நீங்கள் கொழுந்து எடுக்கும் ஒரு பெண். காலையில் மலையில் உங்களுக்கு ஒரு நிரை கொடுக்கிறார்கள். இரண்டு வரிசைத் தேயிலைக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற இடைவெளி, அதுதான் நிரை. இரு கைக்கும் எட்டும் செடிகள் உங்களுடையவை. முற்றிய இலையை விட்டு, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி முதுகுச் சாக்கில் போட்டுக்கொண்டே மேலே ஏற வேண்டும். மழை வரும், அட்டை ஏறும், வேலையை மேற்பார்க்கும் கங்காணி வருவார். மத்தியானம் நிறுவைக்கு இறங்க வேண்டும். துப்பாக்கி இல்லை, பேய் இல்லை, குதிக்கத் தேவையில்லை.

யாருக்காகச் செய்தேன் என்று கேட்டால், அப்போது பெரிய பெரிய பதில்கள் வைத்திருந்தேன். உண்மையான பதில் ஒன்றுதான். என் அக்கா அதை ஆடிப் பார்த்துவிட்டு, "ஆமாடி, இது நம்ம மலதான்" என்று சொல்ல வேண்டும். அவள் பதினாறு வயதிலிருந்து மலையில் நிற்கிறாள். நான் பள்ளிக்கூடம், வகுப்பு, கணினி என்று நிழலிலேயே வளர்ந்தவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த இரண்டு வருட வேலைக்கு ஒரு அர்த்தம் வந்துவிடும் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

முதல் முறை கேமைப் போனில் போட்டு நீட்டியபோது அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"நாள் பூரா மலையில கொழுந்து எடுக்குறேன். வீட்டுக்கு வந்தும் கொழுந்து எடுக்கணுமா? ஒனக்கென்னா பைத்தியமா?"

சரி என்று லயத்தில் அக்கம்பக்கத்தில் ஐந்து பெண்களைப் பிடித்தேன். எல்லாரும் கொழுந்துக்காரிகள். ஆளுக்கு ஒரு நாள் போனைக் கொடுத்து ஆடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேமில் பக்கத்து நிரைகளிலும் பெண்கள் உண்டு. கேம் தானாக நகர்த்தும் அந்தப் பெண்கள் அப்போது ஆடுகிறவருக்குச் சமமாக ஒரே வேகத்தில்தான் ஏறினார்கள். இந்த ஐந்து பேரும் தங்கள் நிரையைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள், நிறுவைக்கு இறங்கினார்கள். கேம் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு குறை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பனிக்காரன் நூறு பேரை வைத்துச் சோதித்தும் குறையோடு விடுகிறான், நான் ஐந்து பேரை வைத்துச் சுத்தமாக முடித்துவிட்டேன் என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

பிறகு எல்ல என்ற மலையூருக்குப் போனேன். கேம் செய்கிறவர்களின் சந்திப்பு ஒன்று அங்கே ஒரு விருந்தினர் விடுதியில் நடந்தது. மூன்று கேம்களைத் தெரிவுசெய்து ஒன்லைன் கண்காட்சியில் வைக்கப் போகிறார்களாம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் பாதி. மிச்சப் பாதி, மலையைப் பார்த்தபடி வேலை செய்தால் மூளை ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்த வெள்ளைக்காரர்கள். எல்லாருக்கும் முன்னால் லெப்டொப், அதில் ஒட்டுப்படங்கள். மூடியே தெரியாத அளவுக்கு ஒட்டுப்படங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உண்மையான மலை, அதில் உண்மையான பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. தெரிவுக் குழுவில் ஒரு கொழும்புத் தமிழர் இருந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. போனை வாங்கினார், இரண்டு கொழுந்து கிள்ளினார், மூன்றாவது வினாடி பக்கவாட்டில் நடந்து அடுத்த பெண்ணின் நிரைக்குள் கால் வைத்தார். கேம் செத்தது. திரை அப்படியே உறைந்து நின்றது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆடுகிறவர் எந்தச் செடியின் முன் நிற்கிறார் என்பதை அவருடைய நிரையின் பட்டியலில் மட்டும்தான் என் நிரல் தேடும். வேறு நிரையில் நின்றால் என்ன செய்வது என்று நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எழுதத் தோன்றவே இல்லை. ஆடிப் பார்த்த ஐந்து பேருக்கும் அங்கே போகத் தோன்றவில்லை.

"ஒருத்தரும் சைட்டால நடந்து பார்க்க இல்லையா?" என்றார் அவர்.

"அடுத்தவங்க நிரைக்கு யாரும் போக மாட்டாங்க சேர்."

"ஏன்?"

ஏன் என்றால் என்ன சொல்வது? பக்கத்து வீட்டுச் சோற்றுப் பானையில் ஏன் கைவிட மாட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? நான் கையை நீட்டி உறைந்த கேமை மறுபடி திறந்தேன். குழுவினர் அன்பாகச் சிரித்தார்கள். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேசையின் கோடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் அங்கேயே என் நிரலின் பொதுப் பக்கத்தைத் திறந்து, 'ஆடுகிறவர் வரிசையை விட்டு வெளியேற முடிகிறது' என்று குறை அறிக்கை ஒன்றைப் பதிவும் செய்துவிட்டான். இன்னொருவன் ஒரு யோசனை சொன்னான். பக்கத்துப் பெண்கள் ஏன் ஆடுகிறவருக்குச் சமமாக வருகிறார்கள்? அவர்களை மெதுவாக்கு, அப்போதுதான் ஆடுகிறவருக்கு ஜெயிக்கிற சந்தோஷம் வரும் என்றான். பஸ்ஸில் என் காதுக்குள் கத்துகிறவன் சொல்வதும் அதுதான். இரண்டு வாரத்தில் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்ப்போம் என்றார்கள்.

பண்டாரவளைக்கு வரும் வழி முழுக்க மனதுக்குள் அவர்களை ஏசிக்கொண்டே வந்தேன். ஒரு கொழுந்து கிள்ளத் தெரியாதவர்கள் எனக்குக் கேள்வி கேட்கிறார்களா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நிரை என்றால் என்ன என்று இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று கறுவினேன்.

காட்டவும் செய்தேன். அடுத்த நிரையில் கால் வைத்தால் கங்காணி தோன்றுவார். "அடுத்தவ நெரையில ஒனக்கென்னா வேல? ஒன் நெரைக்குப் போ!" என்று ஏசுவார். ஆடுகிறவர் தன் நிரைக்குத் திரும்பத் தள்ளப்படுவார். குரலுக்கு லயத்துக் கோடி வீட்டுத் தாத்தாவைப் பிடித்தேன். அவர் வேலை செய்த காலத்தில் கங்காணி. சந்தோஷமாக ஏசிக் கொடுத்தார். பக்கத்துப் பெண்களையும் மெதுவாக்கினேன். அந்த யோசனையைச் சொன்னவனைத் திட்டிக்கொண்டேதான் மெதுவாக்கினேன், ஆனாலும் மெதுவாக்கினேன். கேமோடு போகும் குறிப்பில் கொஞ்சம் திமிராகவே ஒரு வாக்கியமும் எழுதினேன்: 'எங்கள் மலைகளில் எவளும் அடுத்தவள் நிரையில் கால் வைக்க மாட்டாள்.'

அவர்களுக்கு அது பிடித்துப்போனது. அதுவும் எப்படி! கங்காணியின் ஏச்சுதான் கேமிலேயே சிறந்தது என்றார்கள். மண்ணின் வாசனை என்றார்கள். என் திமிர் வாக்கியத்தை அப்படியே எடுத்துக் கண்காட்சிப் பக்கத்தின் உச்சியில் போட்டார்கள். தெரிவாகிவிட்டேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி: உண்மையான கொழுந்துக்காரி ஒருவர் கேமை ஆடுவதைச் சின்னக் காணொளியாக எடுத்து அனுப்ப வேண்டும்.

அந்த ஐந்து பேரில் யாரையும் கேட்டிருக்கலாம். நான் அக்காவைத்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, உடுப்பெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, "குடு" என்று போனை வாங்கிக்கொண்டாள். நான் வகுப்பில் இரவல் வாங்கிய கமராவைப் பிடித்தேன்.

இரண்டு நிமிடத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இலை தேர்வதில் அவளுடைய விரலை என் கேமால் முந்த முடியவில்லை. மடமடவென்று ஏறினாள். முற்றிய இலையை விட்டாள், அட்டையைத் தட்டிவிட்டாள், ஒரு இடத்தில் "இந்தப் பக்கம் இப்பிடித்தான் சறுக்கும்" என்று தானாகச் சொல்லிக்கொண்டாள். இதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

நிரையின் உச்சிக்குப் போனதும் திரும்பிப் பார்த்தாள். வலது பக்கத்து நிரையில் அந்தப் பெண், நான் மெதுவாக்கிய பெண், வெகு கீழே தடுமாறிக்கொண்டிருந்தாள். அக்கா இறங்கினாள். நேராக அவளுடைய நிரைக்குள் போனாள்.

"அடுத்தவ நெரையில ஒனக்கென்னா வேல? ஒன் நெரைக்குப் போ!"

அக்கா புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி போனாள். மறுபடி ஏச்சு. மூன்றாவது முறையும் போனாள்.

"என்னா இது, விட மாட்டேங்குறான்?"

"அடுத்தவங்க நெரைக்குப் போகக் கூடாதுல்ல அக்கா."

"கொழுந்த களவெடுக்கப் போகக் கூடாது. அவ பிந்திட்டா, எடுத்துக் குடுக்கப் போகாம?" போனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இத யாரு செஞ்சது? மலைக்கே போகாத ஆளா?"

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. நான்தான் செய்தேன் என்பது அந்த நேரம் அவளுக்கு நினைவில்லை. பிறகு நினைவு வந்து லேசாகச் சிரித்தாள்.

"நீ கண்டிருக்க மாட்ட. பண்டாரவளையில பெரிய பரீட்ச எழுதுனியே, அப்ப பஸ் வர்ற வரைக்கும் ரோட்டுல ஒங்கூட நின்னது யாரு?"

"நீதான்."

"தெனமும் காலையில பேர் பதியுற பெரட்டுக்கு நான் பிந்திதான் போனேன். எல்லாரும் மல ஏறிருப்பாங்க. அப்ப என் நெரைய யாரு பாத்தா? இந்தப் பக்கத்துக்காரி பாதி, அந்தப் பக்கத்துக்காரி பாதி. நான் மேல போய்ச் சேர்றப்ப என் நெரையும் அவங்க நெரையோட சமமா நிக்கும். எடுத்தத என் சாக்குலதான் போட்டு வச்சிருப்பாங்க. கங்காணிக்கும் தெரியும். அவரு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு."

காலை ஆறு மணிப் பனியில் ரோட்டோரம் நின்றது எனக்கு நன்றாக நினைவிருந்தது. என் கையில் குறிப்புப் புத்தகம், அக்கா தலையில் குளிருக்கு மூடிய சாக்குக் கொங்காணி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். அவள் அதற்குப் பிறகு எத்தனை மணிக்கு மலைக்குப் போனாள், அவளுடைய நிரை என்ன ஆனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லவில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்களை அத்தனை ஏசினேனே, பஸ்ஸில் நானும் அப்படித்தான் உட்கார்ந்து போயிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கையிலிருந்து போனை வாங்கிக் கேமை மூடினேன்.

"ஏன் மூடுன?" என்றாள் அக்கா. "அந்தப் பொம்பள நெரை இன்னும் பாதி கெடக்குல்ல."