ஒரே மாதிரியான படங்கள்

காலை ஆறரை மணிக்கு மொட்டைமாடிக் கொடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுவேன். மறுநாள் அதே நேரத்துக்கு அவிழ்த்து, தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் விரித்து, டேப்லெட்டில் ஒரு படம் எடுப்பேன். எர்ணாவூர்க் காற்றில் ஒரே நாளில் எவ்வளவு கரி படிகிறது என்று காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. படம் எடுத்ததும் மனைவி துணியைத் துவைத்துப் போட்டுவிடுவாள். இரண்டரை வருடத்துக்கு மேலாக இப்படி. அவள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாட்கள் மட்டும் விட்டுப்போயின. மொத்தம் தொள்ளாயிரத்து இருபத்தேழு படங்கள்.

எங்கள் தெருவின் பதினான்கு வீடுகளும் சேர்ந்து, இந்தக் கரியைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தோம். வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வருவார், தேதியோடு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தெருவில் ஆதாரம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை காலை படம் எடுக்கப் போனால் டேப்லெட் மறுத்துவிட்டது. இடம் இல்லையாம். காலி செய்ய அதுவே ஒரு வழியும் காட்டியது: ‘ஒரே மாதிரியான படங்கள்’. தொட்டால், சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும்.

முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்தவன் நான். ஒரே மூட்டையை இரண்டு தரம் எண்ணுவதுதான் எங்களுக்குப் பெரிய குற்றம். நடுங்கும் விரலால் ஒரே காட்சியை மூன்று நான்கு தரம் எடுத்துவிடுகிறவன் என்பதால், அந்தப் பட்டியலைப் பார்த்ததும் சந்தோஷம்தான் வந்தது. பேரன் பிறந்தநாள் கேக் நான்கு தரம், மின்சார மீட்டர் மூன்று தரம். துறைமுகத்தில் மேல் வரிசையைச் சரிபார்த்துவிட்டு அடுக்கு முழுவதற்கும் கையெழுத்துப் போடுவோம். இங்கேயும் மேலே நாற்பது படங்களைப் பார்த்தேன், எல்லாம் சரி. நீக்கினேன். குப்பைத்தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும் என்றது. அதையும் செய்தேன்.

பிறகு துணியைப் படம் எடுத்துவிட்டுப் பார்த்தால், இன்றையதைச் சேர்த்து இரண்டே இரண்டு துணிகள். மற்றதெல்லாம் அந்தக் கருவிக்கு ஒரே துணி. சிறந்தது என்று அது விட்டுவைத்தது ஒரு மழைநாள் படம். பளிச்சென்ற வெள்ளை.

மகனுக்குப் போன் செய்தேன். வேறெங்காவது நகல் இருக்கிறதா என்று கேட்டான். இணையத்தில் நகல் சேரும் இடமும் போன வருடமே நிரம்பிவிட்டது என்று நான்தான் அதைக் காலி செய்து நிறுத்தி வைத்திருந்தேன்.

ஞாயிறுதோறும் ஒரு படத்தைத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. என் பக்கம் இருந்த நகல்கள் அதே பட்டியலில் போயிருந்தன. கீழ் வீட்டில் மீன் வண்டி ஓட்டுபவரிடம் ஓடினேன்.

“வாராவாரம் கரித்துணியா அனுப்பிக்கினு இருந்தே நைனா. போன் ரொம்பிப் போச்சு, தூக்கிட்டேன்” என்றார்.

“எல்லாத்தையுமா?”

“குட்மார்னிங் பூவையே தூக்கிட்டேன், கரித்துணிய வெச்சிக்கினு இன்னா பண்றது?” சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “ஏன் நைனா, உன்கிட்ட தான் மொத்தமும் கீதே?”

சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரே என்னோடு வீடு வீடாக வந்தார். பதினான்கு வீடுகளில் ஆறு படங்கள் தேறின.

மனைவியிடம் கடைசியாகத்தான் சொன்னேன். ராயபுரத்துக்காரி, திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“போட்டோதானே போச்சு? கரி எங்கயும் போவலயே” என்றாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது. ஒன்பது தரம்.

அன்று துணியைத் துவைக்க விடவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே தேதி எழுதினேன். செவ்வாய்க்கு வேறு துணி, புதனுக்கு வேறு, வியாழன் காலைக்கு வேறு.

வியாழன் அன்று அதிகாரி வந்தார். ஆறு படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “நடுவுல இருக்கிறதெல்லாம் எங்கே, சார்?” என்றார்.

“இவரு தொடச்சிட்டாரு. இந்தா, இத்தப் பாருங்க சார்” என்று மனைவி உறைகளை நீட்டினாள். உள்ளே நான்கு துணிகள். அவர் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். “நாலு நாள் போதாது. ஒரு மாசத்துக்கு இதே மாதிரி எடுத்து வையுங்க” என்று ஏதோ எழுதிக்கொண்டு போனார். திரும்பி வருவாரா என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது அதுவே அரிக்கிறது.

முப்பது துணி வேண்டும். என் பழைய வேட்டிகள் இரண்டை மனைவி கிழிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கிழிப்புக்கும் நூல் தூசி பறந்தது, அவள் இருமினாள். நான் வாங்கிக்கொண்டேன். நான் கிழித்த துண்டுகள் கோணலாக வந்தன.

“எத்தினி ஆச்சு?” என்றாள்.

“இருபத்தெட்டு. வேட்டி தீந்துபோச்சு.”

அவள் எழுந்துபோய்த் தன் தலையணை உறையைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.