பனிமலையில் ஒரு நாலு மணிப் பொட்டலம்

டூர் மேனேஜர் என்றால் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவர் என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். அது அடுத்தவர் வயிற்றைச் சுமந்துகொண்டு பின்னால் ஓடுகிற வேலை என்பது நமக்குத்தான் தெரியும். ஊர் ஊராகக் கூட்டம் மேய்க்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

புதுச்சேரியில் ஒரு சின்ன டிராவல்ஸில் எனக்கு வேலை. வீட்டுக்கு வீடு பிரான்ஸில் ஒரு சொந்தக்காரர் இருக்கும் ஊர் இது. அங்கே போகிறவர்களுக்கு அப்படியே பனிமலையையும் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று ஓர் ஆசை வரும். அதனால் எங்கள் முதலாளி வருடத்துக்கு ஒருமுறை எட்டு நாள் பனிச்சறுக்குச் சுற்றுலா நடத்துகிறார். போன வருடம் சென்னையிலிருந்து ஒரு மேனேஜரை வரவழைத்து அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் கொறிக்க ஒன்றுமே கிடைக்கவில்லை என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கவுண்டரில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த நான், எனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, இந்தத் தடவை என்னை அனுப்புங்கள் என்று கேட்டேன். முதலாளி பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சொன்னார்: "போயிட்டு வா ஜெயந்தி. ஆனா சாப்பாட்டுல ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் அந்த டூர இழுத்து மூடிடுவேன். நீயும் திரும்ப கவுண்டர்லதான்."

முறுக்குக்கு ஹெல்மெட் கிடையாது

மொத்தம் இருபத்திரண்டு பேர். எல்லோரும் டின் டின்னாகப் பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். விமானத்தில் பாதியும், பாரிஸிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் மீதியும் காலி. அரியாங்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கலியபெருமாள் அண்ணன் மட்டும், மனைவி வசந்தா அக்கா சுட்ட முறுக்கில் கடைசிப் பாக்கெட்டைப் பத்திரப்படுத்தியிருந்தார். சூட்கேஸில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்களாம். பனிச்சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு சேர்த்து வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

முதல் நாள் பயிற்சி, குழந்தைகள் சறுக்கும் சரிவில். அண்ணன் காலில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு பத்தடி போயிருப்பார். அப்படியே குப்புற விழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நானும் பயிற்சியாளரும் ஓடினோம். எங்கே வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று பயிற்சியாளர் பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில் கேட்க, அண்ணன் ஜிப்பை மெல்ல இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "கை காலெல்லாம் நல்லாத்தான்மா இருக்குது. முறுக்குதான் மாவாப் போயிட்டுது."

இனிப்பும் தட்டும்

அந்த மலை கிராமத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓட்டல் அடுப்பை அணைத்தால் மறுபடி ஏழு மணிக்குத்தான் பற்றவைப்பார்கள். நடுவில் நாலு மணிக்கு ஏதாவது வேண்டுமென்றால் எல்லாம் சர்க்கரைதான். கேக், அதற்கு மேல் க்ரீம். மெல்லிசாக நம் தோசை மாதிரி ஒன்று ஊற்றுகிறார்கள். பார்த்தவுடன் நமக்கு நாக்கு ஊறும். அதன் மேல் சாக்லேட்டைத் தடவிவிடுகிறார்கள்.

இரண்டாம் நாள் இருபத்திரண்டு பேருக்கும் அதையே வாங்கி வரிசையாக வைத்தேன். சின்னப் பிள்ளைகள் தின்றார்கள். பெரியவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போன வருடம் எழுதிக் கொடுத்த முகங்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வசந்தா அக்கா தட்டை என் பக்கம் தள்ளினார். "பசிக்குதுன்னா தட்டுத் தட்டா இனிப்ப எடுத்தாந்து வைக்கறாங்களே, இங்க யாருக்குமா கல்யாணம்?"

வயிறு ரொம்பிய பிறகு

விடுவேனா? மறுநாள் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, நாலு மணிக்குச் சூடாகக் காய்கறி சூப், ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி என்று மேஜை நிறைய வைக்கச் செய்தேன். நம் ஊர்க்காரர்கள் ரொட்டிக்குப் பழகியவர்கள். ஒரு துணுக்கு மிச்சமில்லை. அப்பாடா, கவுண்டர் கண்டம் தாண்டியது என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

கலியபெருமாள் அண்ணன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கையைப் பாக்கெட்டில் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். இன்னும் பசியா அண்ணே என்று கேட்டேன். "பசியெல்லாம் இல்லம்மா. வயிறு ரொம்பிடுச்சு. கைலதான் ஒண்ணும் இல்ல."

வெள்ளிக்கிழமை விசாரணை

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் பீச் ரோட்டில் சாயங்காலம் சுண்டலும் கடலையும் வாங்குகிற நாம் யார் பசிக்காக வாங்குகிறோம்? கையில் ஒரு பொட்டலம் இருக்க வேண்டும், அது சுட வேண்டும், ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே போகிறவர் வருகிறவரைப் பற்றிப் பேச வேண்டும். நான் மூன்று நாளாகச் சாப்பாடு தேடியிருக்கிறேன். இவர்கள் தேடியது பொட்டலம். சென்னையிலும் கடற்கரை இருக்கிறதே, அந்த மேனேஜருக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். வேலை வேலை என்று அந்தப் பக்கமே போகாத மனிதராக இருக்கும், பாவம்.

தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. குழுவில் பாதிப் பேர் இந்துக்கள், வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள். மீதிப் பேர் கிறிஸ்தவர்கள், தவக்காலத்து வெள்ளி, அவர்களுக்கும் இறைச்சி கிடையாது. ரெட்டியார்பாளையம் ரெஜினா டீச்சரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். முப்பது வருடம் பிரெஞ்சுப் பாடம் எடுத்தவர். பொய் சொல்கிற பையனைக் கண்ணாலேயே உட்கார வைப்பவர். கடை கடையாக விசாரணை நடந்தது. காரப் பணியாரம் மாதிரி இருந்த ஒன்றுக்குள் பன்றித் துண்டு. வெங்காய சூப்பில் மாட்டெலும்புச் சாறு. காகிதக் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல் கண்ணில் பட்டதும் நான் துள்ளிக் குதித்தேன். எதில் பொரித்தீர்கள் என்றார் டீச்சர். கலப்படமில்லாத மாட்டுக் கொழுப்பு என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

கடைசியாக, மலைக்கு ஏற்றிவிடும் ரோப் காரின் அடிவாரத்தில் புகை தெரிந்தது. ஒரு கிழவர் ஓட்டை போட்ட இரும்புச் சட்டியில் செஸ்ட்நட் கொட்டைகளை வறுத்துக்கொண்டிருந்தார். பட் பட்டென்று வெடிக்க வெடிக்க அள்ளிக் காகிதக் கூம்பில் போட்டார். டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எண்ணெயா, வெண்ணெயா, கொழுப்பா என்று வரிசையாகக் கேட்டார். கிழவர் சட்டியைக் குலுக்கிக்கொண்டே பதில் சொன்னார்: "நெருப்பும் கொட்டையும்தான் அம்மணி, மூணாவதா ஒண்ணு போட என்கிட்ட இடமில்லை."

சூடு

இருபத்திரண்டு பொட்டலம். ஆனால் ஒன்றை உரித்து வாயில் போட்டதும் என் முகம் தொங்கிவிட்டது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி மறுபடியும் இனிப்பு! வசந்தா அக்கா என்னைப் பார்த்தார். கைப்பைக்குள் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உப்பும் மிளகாய்த்தூளும். எங்கேயாவது கொய்யாக்காய் கிடைத்தால் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம். எங்கே போனாலும் உங்கள் குழுவில் இப்படி ஒரு அக்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இது என் அனுபவ அறிவுரை.

டப்பா கைக்குக் கை போனது. யாரும் நடக்கச் சொல்லவில்லை. தானாகவே நடக்க ஆரம்பித்தார்கள். ரோப் கார் நிலையத்திலிருந்து சர்ச் வரை, சர்ச்சிலிருந்து திரும்ப ரோப் கார் வரை. மூக்கு நுனி விறைக்கிற குளிரில், உரித்து உரித்துத் தின்றுகொண்டு, சறுக்கத் தெரியாமல் விழுகிற வெள்ளைக்காரர்களைப் பற்றிக் கூசாமல் விமர்சனம் வேறு. கலியபெருமாள் அண்ணன் சூடான பொட்டலத்தை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திக்கொண்டு வந்தார். வசந்தா அக்கா என் தோளை இடித்தார். "கண்ணாலம் கட்டி இருபத்தஞ்சு வருசத்துல என் கைய ஒரு நாள் இப்படிப் புடிச்சதில்லம்மா இந்த மனுசன்."

குறைகள் என்ற கட்டத்தில்

ஊர் திரும்பியதும் எல்லோரும் கருத்துப் படிவம் தந்தார்கள். கலியபெருமாள் அண்ணன் மட்டும் அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, நாலாக மடித்த படிவத்தை முதலாளி கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி படித்தார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடி படித்தார். நான் கவுண்டர் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவர் நீட்டிய தாளில், குறைகள் என்ற கட்டம் நிறைய எழுதியிருந்தது: "மலை நல்லா இருந்திச்சு. சறுக்கறத மட்டும் எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும். நாலு மணி நடை அரை மணி நேரம் பத்தல. அந்தப் பொண்ண மாத்த வேணாம்."

மறைக்க மாட்டேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டி என்னைப் படிக்கவைத்தவர் என் அப்பா. புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் தெருவில் பனிமலையைப் பார்த்த முதல் ஆள் நான். அங்கே போய் ஜெயித்துவிட்டும் வந்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்றுதான். தாளை என்னிடம் நீட்டிவிட்டு முதலாளி சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்: "அடுத்த வருச நோட்டீஸ்ல பனிச்சறுக்க ரெண்டாவது வரில போட்டுக்கலாம். மொத வரில இன்னா போடணும்னு நீயே எழுதிக் குடு."

ஆல்ப்ஸ் மலை உச்சிக்கே அழைத்துப் போனாலும் நம் ஆட்கள் கடைசியில் பீச் ரோட்டில்தான் நடப்பார்கள் என்று அறிந்துகொள்ள எனக்கு ஒரு விசா, இரண்டு விமானம், ஐந்து நாள் தேவைப்பட்டது.