தார்மோவுக்குக் கொடுத்த இரண்டாவது மாத்திரை

தார்மோ கிவிலுவோமா ஆறு வருஷம் பெஞ்சில் இருந்தவன். பின்லாந்தில் எங்கள் ஊர் ஹௌகிலம்பியின் ஐஸ் ஹாக்கி அணிக்கு அவன் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது கோல்கீப்பர் என்றால் வேலை இதுதான்: முழுக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் நிற்க வேண்டும், மற்றவர்கள் பனித்தரைக்குப் போகும்போதும் வரும்போதும் கதவைத் திறந்து மூட வேண்டும். முதல் கோல்கீப்பர் யெஸ்ஸேவுக்குக் கால் முறிந்தால்தான் இவனுக்கு வாழ்வு. அது முறியட்டும் என்று ஒரு நாளும் நினைக்காதவன் தார்மோ. அந்த மாதிரிப் பிறவி.

நான் அந்த அரங்கத்தில் ஆட்டக்காரர்களின் சட்டை துவைத்தவள். மற்றவர்கள் சட்டையைத் தூக்கினால் தோள் வலிக்கும், அவ்வளவு வியர்வை. தார்மோவின் சட்டையில் மட்டும் நான் போட்ட சோப்பு வாசம் அப்படியே இருக்கும். இருந்தாலும் அதையும் துவைத்துத்தான் கொடுப்பேன். துவைக்காமல் மடித்து வைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், மனசு நோகும்.

அவன் அம்மா ஹெல்வி ஒரு ஆட்டம் விடாமல் வருவாள். மூன்றாவது வரிசை, தூண் பக்கத்து இருக்கை. மகன் கதவு திறப்பதைப் பார்க்கத்தான் அவ்வளவு செலவழித்து வருகிறாள் என்று ஊரில் பேச்சு. இடைவேளையில் காப்பிக்கு நிற்கும்போது யாராவது சொல்வார்கள்: "ஹெல்வி, இன்னைக்கு உன் பையன் கதவை ஜோரா சாத்துனான்." அவளும் சிரித்துவிட்டு காப்பியை வாங்கிக்கொண்டு போவாள்.

தார்மோவுக்கு ஒரே ஒரு குறை, மூக்கு. பனி உருகினதும் எங்கள் ஊரில் பிர்ச் மரம் பூக்கும். கார் கண்ணாடி எல்லாம் மஞ்சள் தூள் படியும். மற்றவர்களுக்கு அது வசந்தம். தார்மோவுக்கு அது கண் வீங்கி மூக்கு ஒழுகுகிற காலம். பின்லாந்துக்காரன் ஒருவனுக்குப் பிர்ச் ஆகாது என்றால் மீனுக்குத் தண்ணீர் ஆகாத மாதிரி. சவுனா என்கிற நீராவிக் குளியலில் நாங்கள் உடம்பில் அடித்துக்கொள்கிற கொத்தே பிர்ச் கிளைதான். அணிப் பையன்கள் சும்மா விடுவார்களா? அவன் முகக்கவசத்துக்குள் பூத்த கிளையை ஒடித்துச் செருகி வைப்பார்கள். மாட்டினவன் தும்முவான். தும்மத் தும்ம இவர்கள் எண்ணுவார்கள். பந்தயம்கூட உண்டு.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒன்றைக் கேட்டு, மற்றவர் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். வாய் நிறையச் சத்தியம் செய்கிறவனை நாங்கள் நம்ப மாட்டோம். என் புருஷன் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோது நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். அறுவடை முடிந்ததும் கல்யாணம். இந்த வழக்கம்தான் தார்மோவைத் தின்றது, அதனால் சொல்கிறேன்.

அந்த வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்தில் யெஸ்ஸேவின் முழங்கால் போய்விட்டது. தார்மோ உள்ளே வந்தான். ஏப்ரல் கடைசி, ஊர் முழுக்க மஞ்சள் தூள். கடைசி ஆட்டத்தன்று காலையில் அணி டாக்டர் ஆர்னியோ அவனுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். ஒவ்வாமைக்குப் போடுகிற சாதாரண மாத்திரையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அடைத்த மூக்கைத் திறக்க ஒரு மருந்து சேர்த்து விற்கிறார்களே, அதில்தான் வில்லங்கம். ஆட்ட நாளில் அது ஒரு அளவுக்கு மேல் சிறுநீரில் தெரிந்தால் ஊக்கமருந்து என்று பிடிப்பார்கள். ஒன்று போட்டால் அளவுக்குள் நிற்கும் என்று டாக்டர் சொன்னார்.

மூன்று பகுதி ஆட்டத்தின் இரண்டாவது இடைவேளையில் நான் உலர்ந்த சட்டைகளை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனேன். ஆட்டம் சமநிலையில் இருந்தது. தார்மோ முகக்கவசத்தைக் கழற்றினான். முகம் வெந்த பீட்ரூட். மூக்கால் மூச்சு விட முடியவில்லை, கண்ணில் நீர் நிற்கவில்லை. ஆர்னியோ சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

"டாக்டர், காலையிலேயே ஒண்ணு போட்டேனே," என்றான் தார்மோ.

"அது காலையில. இப்ப மணி என்ன?"

"சோதனைக்குக் கூப்பிட்டா?"

"இத்தனை பேர்ல ரெண்டு பேரைத்தான் கூப்பிடுவான். ஆறு வருஷமா உன்னை எதுக்குமே யாரும் கூப்பிட்டதில்ல. இன்னைக்குப் பார்த்தா கூப்பிடப் போறான்?"

அறை முழுக்கச் சிரித்தது. அணித் தலைவன் இலாரி தண்ணீர் பாட்டிலை அவன் கையில் திணித்தான். "முழுங்குடா மூக்கொழுகி. உன் மூக்குக்காக என்னால கோப்பையை விட முடியாது."

அத்தனை பேரும் பார்க்க, நானும் பார்க்க, தார்மோ முழுங்கினான்.

அதற்கப்புறம் அவன் ஆடின ஆட்டத்தை இன்றைக்கும் எதிரணிக்காரர்கள்கூடச் சொல்வார்கள். பக் என்கிற அந்த ரப்பர் வட்டு எந்தப் பக்கம் வந்தாலும் அங்கே அவன் கை இருந்தது. கூடுதல் நேரத்தில் இலாரி கோல் அடித்தான், கோப்பை எங்களுக்கு வந்தது. தார்மோவைத் தோளில் தூக்கினார்கள், கழுத்தில் தங்கப் பதக்கம் போட்டார்கள். ஹெல்வி தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். இறக்கிவிட்ட உடனே, ஊக்கமருந்துச் சோதனைக்காரர் ஒருவர் வந்து அவன் முழங்கையைத் தொட்டார்.

சோதனைக்கென்று இருந்த சின்ன அறையில் அவன் உட்கார்ந்தே கிடந்தான். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விட்டது, சிறுநீர் ஒரு சொட்டு வரவில்லை. பாட்டில் பாட்டிலாகக் குடித்தான். சோதனைக்காரர் அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார், அது அவர் வேலை. என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார். கூட நின்ற ஆர்னியோ முந்திக்கொண்டு, "மூக்குக்கு வழக்கமா போடுறது, ஒண்ணு," என்றார். தார்மோவும் ஒன்று என்றான். அவன் வெளியே வந்தபோது சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு நான் மட்டும்தான் இருந்தேன். அணியை ஏற்றிக்கொண்டு பஸ் கொண்டாட்டத்துக்குச் சந்தைத் திடலுக்குப் போய்விட்டது. ஒருவனைக் காணோம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

சோதனை முடிவு வந்தது. அளவு தாண்டியிருந்தது.

அன்றைக்கு எல்லோரும் அரங்கத்துச் சவுனாவில் கூடினார்கள். என் துவைக்கும் அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். தும்மினால் கேட்கும்.

ஆர்னியோ பேசினார். "நான் கொடுத்தேன்னு தெரிஞ்சா என் தொழிலே போயிடும், கிளப்பையும் இழுப்பாங்க. உன் பையில கிடந்ததை நீயா போட்டேன்னு சொல்லு. அறியாம செஞ்சதுன்னு நாலு மாசம் தடை போடுவாங்க. கோடை காலம், ஐஸே இருக்காது. உனக்கென்ன நஷ்டம்?"

தார்மோ யோசித்தான். எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் பேசுவான்.

"அக்டோபர்ல என் இடம் இருக்கும்ல?"

ஒருவரும் பேசவில்லை. யாரோ ஒரு கரண்டி தண்ணீரை அள்ளிக் கொதிக்கிற கல்லில் ஊற்றினார்கள். சுஸ்ஸென்று ஆவி எழும்பின சத்தம் கேட்டது. இலாரி இருமினான். அவ்வளவுதான்.

தார்மோவுக்கு அது போதும். எங்கள் ஊர்ப் பிள்ளை.

விசாரணையில் நானே போட்டேன் என்றான். நாலு மாசம் தடை. பதக்கத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஹெல்வி அதை ஒரு துணியில் சுற்றி அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அணியின் கோப்பையை யாரும் தொடவில்லை. ஜெயித்தது அணி, தப்பு செய்தது தார்மோ.

அக்டோபரில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் சட்டை மாட்டும் கொக்கியில் டாம்பெரே நகரத்திலிருந்து வந்த ஒரு பொடியனின் பெயர் இருந்தது. இலாரி அங்கே உட்கார்ந்து மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என் இடம் இருக்குன்னீங்களே," என்றான் தார்மோ.

"யாரு சொன்னா?"

தார்மோ ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எல்லோரும் தங்கள் ஸ்கேட்டையே பார்த்தார்கள்.

"சொன்னவன் பேரைச் சொல்லுடா, நானே கேக்குறேன்," என்றான் இலாரி. "சொன்னாங்களா இல்லையா? சும்மா மொட்டையா பேசக் கூடாது."

எனக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த துண்டுகளைக் கீழே போட்டேன். "டேய் இலாரி, சுவருக்கு அந்தப் பக்கம் நான்தான் இருந்தேன். அவன் கேட்டான், நீங்க பேசாம இருந்தீங்க. உங்க அப்பன் தோட்டத்துல பாதியை இந்த வழக்கத்துலதானே வாங்கினான்?"

"ஆய்லியக்கா," என்றான், மட்டையிலிருந்து கண் எடுக்காமல், "துண்டு ஈரமாகுது பாரு."

ஊக்கமருந்துக்காரன் என்று பெயர் எடுத்தவனை வேறு எந்த கிளப்பும் எடுக்கவில்லை. கடைசியில் ஊராட்சிதான் வேலை கொடுத்தது, அதே அரங்கத்தில். இடைவேளையில் பனித்தரையைச் சுரண்டி மழமழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிற வேலை. முதலில் வெளியூர் ரசிகர்கள்தான் ஆரம்பித்தார்கள். அவன் வண்டியோடு உள்ளே வந்ததும் மொத்தமாக மூக்கைச் சிந்துகிற மாதிரி சத்தம் போட்டார்கள், டிஷ்யூவை வீசினார்கள். நம்மவர்களுக்கும் பிடித்துப்போனது. அடுத்த மாசமே அரங்கத்துக் கடையிலேயே அதற்கென்று டிஷ்யூ பாக்கெட் வைத்து விற்றார்கள், குழந்தைகள் வாங்கிக்கொண்டு காத்திருந்தன. ஈரக் காகிதம் வண்டியின் கத்தியில் சிக்கும். அதனால் அவன் இறங்கி, குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். குனியக் குனியக் கை தட்டுவார்கள். கோப்பை ஜெயித்த அன்றைக்கும் அவனுக்கு அவ்வளவு கைதட்டல் இல்லை.

ஹெல்வி வருவதை நிறுத்தவில்லை. அதே மூன்றாவது வரிசை. டிஷ்யூ அவள் தலைக்கு மேலே பறந்து போகும். சிலது அவள் மடியில் விழும். அவள் அவற்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள்.

இப்படியே மூன்று குளிர்காலம் போனது. ஒரு நாள் சாயங்காலம் தார்மோ சவுனாவில் தனியாக இருந்தபோது ஆர்னியோ உள்ளே போனார். நான் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தேன்.

"தேசிய அணிக்கு டாக்டரா என்னைக் கூப்பிட்டிருக்காங்க, தார்மோ. நம்ம பழைய விஷயத்தைக் கிளறுறாங்க. ஹெல்சிங்கியிலிருந்து விசாரிக்கிறவர் ஒருத்தர் உன்கிட்டப் பேசுவார். அன்னைக்குச் சொன்னதையே சொல்லிடு. நாளைக்கு உன் அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரி, ஒரு படுக்கைன்னா நான் இல்லாமலா போயிடுவேன்? என்ன, சொல்லிடுவியா?"

நான் குழாயை மூடினேன். உள்ளே பேச்சில்லை. கரண்டி வாளியில் இடித்தது. தண்ணீர் கல்லில் விழுந்தது, ஆவி எழும்பியது.

"நல்ல பையன்," என்றார் ஆர்னியோ. சீட்டியடித்துக்கொண்டே போனார்.

ஹெல்சிங்கிக்காரர் பேசினபோது தார்மோ எல்லாவற்றையும் சொன்னான். காலை மாத்திரை, இடைவேளை மாத்திரை, யார் பையிலிருந்து, யார் தண்ணீர் கொடுத்தது, எல்லாம். என்னையும் கேட்டார்கள், கண்டதைச் சொன்னேன். இலாரியையும் மற்றவர்களையும் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றார்கள். ஒரே அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் போவது ஹெல்சிங்கிக்காரருக்கே அதிசயமாக இருந்தது போல. ஆர்னியோவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

அவர் அரங்கத்துக்கு ஓடி வந்தார். தார்மோ வண்டியின் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சரின்னுட்டு இப்படிப் பண்ணிட்டியேடா, பாவி."

"நான் ஒண்ணும் சொல்லலையே, டாக்டர்."

ஆர்னியோ சாட்சிக்கு ஆள் தேடுகிற மாதிரித் திரும்பினார். சுற்றி நின்ற ஆட்டக்காரர்களில் ஒருவனும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

பதக்கம் திரும்பி வரவில்லை. மாத்திரையை முழுங்கின வாய் அவனுடையதுதானே என்றார்கள். ஊரில் இன்னும் மோசம். முன்பு அவன் மூக்கொழுகி மட்டும்தான், இப்போது நல்ல டாக்டரைக் காட்டிக்கொடுத்தவனும்கூட. அடுத்த ஆட்டத்தில் டிஷ்யூ பனித்தரையை மூடிவிட்டது. அவன் இறங்கி வந்து பொறுக்கினான். பொறுக்கி முடிக்க நேரமாகி, அடுத்த பகுதி தாமதமாகத்தான் தொடங்கியது. அதற்கும் ஊளையிட்டார்கள்.

பையை நிரப்பிக்கொண்டு என் அறைப் பக்கம் வந்தான். பிர்ச் பூக்க இன்னும் நாள் இருந்தும் கண் சிவந்திருந்தது.

"இது போதுமாடா உனக்கு?" என்று கேட்டேன்.

அவன் பேசவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் அதற்குச் சரி என்று அர்த்தம். நான் அந்தக் கணக்கை நம்பாமல் திரும்பவும் கேட்டேன்.