என் இடத்தில் உட்கார்ந்த இமெல்டா

இமெல்டா வெர்துகோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் என்னிடம் வரக்கூடாது. முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். எங்கள் கடலோர ஊரான சான் ஃபெலிப்பேயில் அவளை என் அளவுக்கு உற்றுப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. பிடிக்காதவள் காலில் என்ன செருப்பு, கழுத்தில் எத்தனை மச்சம் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடமாக இருக்கும், இல்லையா?

என் புருஷன் நசாரியோ இறால் படகுகளின் மோட்டார் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தக் கையில் ரிமோட் ஏறிவிடும். வசந்த காலத்தில் பெரிய பாலைவன லாரிகள் எங்கள் ஊரைச் சுற்றிப் புழுதி கிளப்பிப் பந்தயம் ஓடும். அது முடிந்த அடுத்த ஞாயிறு, அதே தடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் ரிமோட்டில் ஓடும் தங்கள் குட்டி லாரிகளை விடுவார்கள். உயரம் முழங்காலுக்குக்கூட வராது. ஆனால் நாய் துரத்தினாலும் பிடிக்க முடியாது. அதனால் ரிமோட் பிடிக்கிறவன் பிக்கப் வண்டியின் பின்தட்டில் காலை அகட்டி நின்றுகொள்வான். பிக்கப்பை இன்னொருவர் ஓட்ட வேண்டும். குட்டி லாரி கண்ணைவிட்டு மறையக்கூடாது, பின்னால் நிற்கிறவன் கீழே விழக்கூடாது, சிக்னல் அறுந்துபோகிற தூரத்துக்கு விலகவும் கூடாது.

அந்த இன்னொருவர் நான்தான். வாரம் முழுக்கக் கொட்டகையில் மீன் செதில் உரிக்கிறவள் நான். ஞாயிறு காலை அந்த ஸ்டீரிங்கைப் பிடித்தால் ராணி மாதிரி இருக்கும். அதில் போய் மண்ணைப் போட்டாளே, பாவி!

இமெல்டாவுக்கு மெஹிகாலி நகரத்தில் டயர் கடை. பின்னறையில் குட்டி லாரிகளுக்கான சாமான்களும் விற்பாள். போன இலையுதிர் காலத்தில் ஒரு ஷாக் அப்சார்பர் வாங்கப் போன நசாரியோ, ஷாக்கோடு சேர்த்து அவளையும் வீட்டுக்குக் கூட்டி வந்தான். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவளாம். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே தண்ணி லாரி ஓட்டினாளாம். பிறகு பெரிய பந்தயக் குழு ஒன்றுக்கு உதவி வண்டி ஓட்டிப் பாலைவனம் முழுக்கத் திரிந்திருக்கிறாள். கட்டினவன் நாட்டு எல்லை தாண்டிப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பெண்களையும் டயர் கழற்றியே படிக்க வைத்துவிட்டாள். இத்தனையையும் என் வீட்டு அடுப்படியில், என் பீன்ஸைத் தின்றுகொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குப் பீன்ஸ் இறங்கவில்லை.

மேஜையில் நின்ற குட்டி லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"டேய் நசாரியோ, இது லாரியாடா? முன்சக்கரத்தத் தாங்கற கையெல்லாம் பிளாஸ்டிக். ஒரு பாறையில இடிச்சா போச்சு. அலுமினியம் போடு. ஷாக்குல என்ன எண்ணெய் ஊத்தியிருக்க? தண்ணி மாதிரி இருக்கு."

"கெட்டியா ஊத்தினா குதிச்சுக் குதிச்சுப் போகுது, இமெல்டா."

"ஸ்பிரிங்க மாத்தாம எண்ணெய மட்டும் மாத்தினா குதிக்காம கொஞ்சுமா?"

அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவன்!

குளிர்காலம் முழுக்க வாராவாரம் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள், இதே கூத்து. அலுமினியக் கைகள் வந்தன. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிற மோட்டார் வந்தது. அந்த வேகத்தில் பல்சக்கரம் தேய்ந்து மாவாக உதிர்ந்தது, எஃகுச் சக்கரம் வந்தது. கனம் கூடியதும் முன்சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாருக்கு மூச்சு வாங்கியது, அதையும் மாற்றினார்கள். ரிமோட்டின் பேச்சைக் கேட்கிற ரிசீவரைக்கூடப் புதுசாக்கினார்கள். நான் பழைய டியூபை வெட்டி, சக்கரங்களுக்குச் சின்னதாக நாலு மண்காப்புத் தைத்து மாட்டியிருந்தேன். இமெல்டா அதை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு ஒஃபேலியா. ஆனா கல்லு வந்து அடைக்கும். கழட்டிடலாமா?"

என்னிடம் கேட்கிற மாதிரி கேட்டாள், பதில் வருவதற்குள் கழற்றிவிட்டாள்.

பக்கத்துத் தெருவில் டாக்கோ கடை வைத்திருக்கும் ருஃபினா ஒரு நாள் என்னை மடக்கினாள். "என்னடி, ராத்திரி பகலா உங்க வீட்லயே கிடக்கா அந்த டயர்காரி? புருஷனப் பத்திரமா பாத்துக்கோ."

"அவனத் தூக்கிட்டுப் போனா போகட்டும் ருஃபினா. என் பிக்கப்புல கைய வச்சா கைய ஒடைப்பேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைசியில் அதுவும் நடந்தது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, நசாரியோ என் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்த்துப் பேசினான்.

"இந்தத் தடவ இமெல்டா ஓட்டட்டும்னு பாக்கறேன். வண்டி வேகம் ஜாஸ்தி ஆயிருச்சு. அவளுக்குப் பாலைவனம் அத்துப்படி. நீ ருஃபினா கூட ஜாலியா உக்காந்து பாரு."

"ஜாலியாவா?" என்றேன். அன்று பாத்திரங்களை நான் கழுவிய சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிறு வந்தது. ஊரே மேட்டில் கூடியிருந்தது. ருஃபினா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள், நான் முட்டைக்கோஸ் நறுக்கினேன். கத்தி கோஸில் இருந்தது, கண் என் பிக்கப்பில் இருந்தது. கடவுளே, அவள் எப்படி ஓட்டினாள்! சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணலில் பிக்கப் வழுக்கிக்கொண்டு போனது, மேலே நின்ற நசாரியோ பூஜைப் பீடத்துச் சிலை போல அசையாமல் நின்றான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல முந்தின நாளே தடத்தில் திருட்டுப் பள்ளம் வெட்டி மண்மேடு போட்டு வைத்திருந்தார்கள், லாரி பறப்பதைப் பார்க்க வேண்டுமே அவர்களுக்கு. எங்கள் குட்டி லாரி பறந்தது. பறந்து, நாலு சக்கரத்திலும் பூனை மாதிரி இறங்கி ஓடியது. ஊர் கத்தியது. நான் மட்டும், 'கவிழ்ந்து தொலையேன்' என்று முணுமுணுத்தேன்.

உப்பு மைதானத்துக்கு முந்தின வளைவில் முன்னால் போன பிக்கப் ஒன்று புழுதியைக் கிளப்பியது. பழுப்புச் சுவர் மாதிரி எழுந்து நின்றது. பெரிய பந்தயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: அடுத்தவன் புழுதிக்குள் நுழைய மாட்டார்கள். உள்ளே பாறை இருக்கும், மாடு இருக்கும், நின்றுபோன லாரி இருக்கும். உயிர் முக்கியம். இமெல்டாவின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. பிக்கப் பின்தங்கியது. குட்டி லாரிக்கு அது தெரியுமா? அது புழுதிக்குள் பாய்ந்து சிக்னல் எல்லையைத் தாண்டிவிட்டது. சிக்னல் அறுந்தால் அது தானாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முழு வேகத்தில் நேராக மறுபக்கம் வந்து, வறண்ட ஓடைக்குள் தலைகீழாகப் போய் விழுந்தது. அலுமினியக் கை ஒன்று பிய்ந்து தனியாகக் கிடந்தது.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். என் இடம் எனக்குத் திரும்பி வந்துவிட்டது!

நான் போய்ச் சேர்ந்தபோது நசாரியோ கத்திக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? புழுதியப் பாத்து பயந்தா வீட்ல கெடக்க வேண்டியதுதானே! உன்ன நம்பித்தானேடி நான் பின்னால நின்னேன்!"

"என்னச் சொல்லாத! புது ரிசீவர் மாட்டினியே, சிக்னல் அறுந்தா வண்டி நிக்கற மாதிரி செட் பண்ணியாடா? அதச் சொல்லு மொதல்ல, எருமை!"

"நீ பின்வாங்காம இருந்தா சிக்னல் ஏன் அறுந்துபோகுது?"

"நீ ஒழுங்கா செட் பண்ணியிருந்தா நான் பின்வாங்கினா என்ன?"

என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி என் பக்கம் எறிந்தான். "இந்தா ஒஃபேலியா, இனிமே நீயே ஓட்டு."

ஊர் பார்க்கச் சாவியைப் பிடித்தேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் நான் இதே பிக்கப்பை ஒரு பள்ளத்தில் விட்டு, அவன் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. குட்டி லாரியின் அச்சும் போனது. நான் அழுதேன். "பரவால்ல, விடு. நீ என்ன பண்ணுவ" என்று முதுகைத் தட்டினான். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், முட்டாள்.

இவளைக் கழுத்து நரம்பு வெடிக்கத் திட்டுகிறான். இவளை நம்பினானாம்.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். பின்தட்டில் இரண்டு பேரும் பிய்ந்த அலுமினியக் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ரிசீவர், புழுதி, எருமை, கழுதை. வழியில் பெரிய பள்ளம் ஒன்று. நன்றாகவே தெரிந்தது. பிரேக்கைத் தொடாமல் நேரே விட்டேன். பிக்கப் எகிறி விழுந்தது, பின்னால் தலைகள் இடித்த சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். திட்டுடா, ஒரே ஒரு தடவை.

நசாரியோ கூரையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"பரவால்ல ஒஃபேலியா. மெதுவாப் போ."

பிறகு அவள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கத்தத் தொடங்கினான்.