நைனாவின் நிறத்தில் ஒரு காக்கை

சென்னையில் என் அறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டிமேல் உட்கார்ந்து ஓர் அண்டங்காக்கை கத்துகிறது. ஊர்க்காக்கையின் கரகரப்பு இல்லை. தொண்டையின் அடியிலிருந்து தடித்து வரும் குரல். கேட்டதும் என் கட்டைவிரல் தானாக அசைகிறது, கேமராவின் சக்கரத்தைத் திருகுவதுபோல. இடம், வலம், மறுபடி இடம். நிறுத்தினாலும் நிற்பதில்லை.

போன தை அமாவாசையில் தொற்றிய அசைவு இது. திருத்தணியில், அக்கா வீட்டு மொட்டை மாடியில்.

நைனா, எங்கள் அப்பா, போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நல்ல கருப்பு அவர். இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன். அவரை நிற்கவைத்ததெல்லாம் சுண்ணாம்படித்த சுவர் முன்னால். வெள்ளையைக் கண்டால் கேமராவுக்குக் கூசும், மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். படத்தில் சட்டை விழும், பல் விழும், நைனா விழமாட்டார். செத்த பிறகு அதில் ஒன்றை ஸ்டுடியோவில் கொடுத்தோம். வெளுக்கவைத்து, கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றிக் கொடுத்தார்கள். அந்தப் படச் சட்டத்துக்குப் பொட்டு வைக்கும்போதெல்லாம் அக்கா முணுமுணுப்பாள்: "யாரோ பேங்க் மேனேஜருக்குப் படையல் போடற மாதிரி கீது."

அவள் சோறு வைக்கும்போது ஓர் அண்டங்காக்கை வரும். சாம்பல் கழுத்துக் காக்கைகளுக்கு நடுவே அது மட்டும் முழுக் கருப்பு. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும். அவள் அதை 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"அவர எடுத்துக் குடுடா," என்றாள் அன்று காலை. "அவரு நெறத்துலயே எடு. வெளுக்க வெக்காத."

படையல் முடிந்தது. வாழையிலையில் சோறும் வடையும் எடுத்துப்போய் மாடியின் வெள்ளைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். "கா, கா." காக்கை வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஒரு நொடிகூட நிலையாக உட்கார முடியவில்லை. கீழே தெருவில் மலையிலிருந்து திரும்பும் மொட்டைத் தலைகள் சந்தனத்தோடு மின்னிப் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றின்மீதும் வெளிச்சம் விழுந்தது. நான் தேடிய ஒன்றின்மீது மட்டும் விழவில்லை.

வந்தது. சுவர்மேல் இறங்கி, இலையை ஓரக்கண்ணால் அளந்தது. அழுத்தினேன். சடக். அவ்வளவுதான், பறந்துவிட்டது. சோற்றைத் தொடவே இல்லை.

அக்கா ஓடிவந்து திரையைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர்மேல் ஒரு கரிய ஓட்டை. கண்ணில்லை, இறகில்லை.

"இன்னாடா இது, தீஞ்சுபோன தோசையா?"

சாம்பல் கழுத்துக் காக்கைகள் நாலு வந்தன. அக்கா கையை வீசித் துரத்தினாள்.

"ஏம்மே, அதுங்களும் காக்காதானே?" அக்கா வீட்டுக்காரர், பாவா, மாடிப்படியிலிருந்து கத்தினார். சர்க்கரை நோய்க்காரர். "மச்சான், மாத்திர போட்டுட்டேன்டா. உங்க நைனா வரலன்னா, நான் அவருகிட்ட போயிடுவேன்."

"அவரு வரட்டும், இருய்யா."

மணி ஒன்றரை. எதிர்வீட்டுக் கூரையிலிருந்து காக்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பயந்துபோயிருந்தது, என் சத்தத்துக்கு. கீழே பாவாவின் இரண்டு விசைத்தறிகளும் மற்ற நாளெல்லாம் வீட்டையே அதிரவைக்கும். அமாவாசையன்று தறி ஓடக்கூடாது. அந்த அமைதியில் கேமராவின் சடக் பட்டாசாகக் கேட்டிருக்கிறது. இது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. நைனாவும் நானும் பிறந்தது முதல் தறிச்சத்தத்துக்குள்ளேயே இருந்தவர்கள்.

தறியை ஓட்டச் சொன்னேன். பாவா வாயைப் பிளந்தார். "அமாவாசையில தறியா? தெருவே சிரிக்கும்."

அக்கா இலையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "நூலு ஏத்தாம சும்மா ஓட்டுய்யா. பாவத்த நான் பாத்துக்கறேன்."

அவர் இறங்கிப் போனார். இலையை வெள்ளைச் சுவரிலிருந்து எடுத்து, பாசி படிந்த பழைய செங்கல் மேடையில் வைக்கச் சொன்னேன். அங்கே வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும். நேர் வெயிலில் கருப்பு பளபளக்கும், ஆனால் பேசாது. இப்போது இன்னொரு கவலை. பின்னாலும் இருட்டு, பறவையும் இருட்டு என்றால் கேமரா எதிர்ப்பக்கம் ஏமாறும். எல்லாம் இருட்டிக்கிடக்கிறது என்று எண்ணி வெளிச்சத்தை ஏற்றி, கருப்பைச் சாம்பலாக்கிவிடும். அந்த ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறார். சக்கரத்தைக் கீழே திருப்பினேன். அதிகமோ? கொஞ்சம் ஏற்றினேன். மறுபடி இறக்கினேன்.

கீழே தறி இரைந்தது. பழைய தடதடப்பு, கால் வழியே ஏறியது.

காக்கை கழுத்தை நீட்டிக் கேட்டது. நேராக இறங்கி இலையருகே வந்தது. கண்ணில் குறிவைத்தேன். அது வடையைத்தான் முதலில் எடுத்தது. சடக், சடக். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொட்டுட்டாரு!" அக்கா கத்தினாள். தறி நின்றது. "தறி ஓடனாத்தான் வருவாராம் மனுசன்," என்று பாவா சமையலறையை நோக்கி நடந்துகொண்டே சொன்னது மாடிவரை கேட்டது.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னாள். தோளில் நீலம். தொண்டையில் ஊதா. அலகின் வேரில் மீசைபோல் நுண்ணிய மயிர்கள். அடர்பழுப்புக் கண்ணுக்குள் ஒரு துளி வெயில். சிறகின் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி விளிம்பு. எங்கும் வெளுக்கவில்லை.

"கருப்புலயே இவ்ளோ கீதா?" என்றாள். விரலால் திரையைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பாவா பைக்கை உதைத்து ஹாரன் அடித்தார்.

"பிரிண்டு போட்டு அனுப்பறேன்க்கா."

"ஆங், அனுப்பு. படையலுக்கு இத வெச்சிக்கறேன்." கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த அமாவாசைக்கு இத தூக்கிக்கினு வராத. வெறுங்கையோட வா, நேரத்தோட சாப்டலாம்."