வெள்ளோட்டம் நிற்காத சாயங்காலம்

எங்கள் அப்பாவிடம் ஒரு ரயில் இருந்தது. ஆறு பெட்டிகள், முன்னால் ஒரு பச்சை டிராகன் தலை. பார்த்தால் பயம் வர வேண்டும் என்றுதான் பெயின்டரிடம் சொல்லியிருக்கிறார். அவரோ பல்வரிசையை அத்தனை ஒழுங்காகப் போட்டுவிட்டதால், புதிதாகப் பல்செட் கட்டிக்கொண்ட பெரியவரைப் போல அது எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். நீள்வட்டமான தண்டவாளம், அதில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு, மேட்டுக்கு அப்புறம் ஒரு சரிவு, சரிவு முடிந்ததும் ஒரு வளைவு. அவ்வளவுதான் ரயில். திருவிழா, பொருட்காட்சி என்று எங்கே கூட்டம் கூடினாலும் அதைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, திண்டிவனத்தில் போட்ட ஒரு கோடைப் பொருட்காட்சியில், அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்த சாயங்காலத்தில்தான் அம்மா எங்களை விட்டுப் போனாள்.

இப்போது என் மகனை அழைத்துக்கொண்டு சென்னைப் பக்கத்துப் பெரிய பார்க்குகளுக்குப் போகிறேன். ரோலர் கோஸ்டரில் ஏற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, வயிற்றில் இருப்பதைத் தொண்டைக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். இறங்கியதும் எப்படி இருந்தது என்று மகன் கேட்பான். எனக்கு அப்பாவின் கணக்கில்தான் மார்க் போடத் தெரியும். அந்தக் கணக்கில் பெரிய பெரிய பார்க்குகள்கூடச் சில சமயம் பெயிலாகிவிடுகின்றன.

ரயில் விஷயத்தில் அப்பாவுக்கு இருந்த பிடிவாதங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேட்டில் ஏறும்போது வண்டி ஊர வேண்டும். அப்போது அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அது மோட்டாரின் சத்தம் இல்லை. சத்தத்துக்காகவே ஒரு தகரப் பட்டையைச் சக்கரத்தில் உரசும்படி வைத்திருந்தார். வண்டியில் ஏதோ கோளாறு என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று விழுப்புரம் பட்டறையில் அதை வளைத்துக் கொடுத்தவர் சொன்னாராம். "நெனைக்கட்டும். பயம் மொதல்ல காதுல வரணும். கண்ணுக்கு அப்பறமா வந்தா போதும்" என்றாராம் அப்பா.

உட்காருவதற்கும் சட்டம் உண்டு. பெரியவர்கள் வெளிப்பக்கம், குழந்தை உள்பக்கம். வேடிக்கை பார்க்கட்டுமே என்று எல்லோரும் குழந்தையை வெளிப்பக்கமாகத்தான் உட்கார வைப்பார்கள். அப்பா போய் ஒவ்வொரு பெட்டியாக மாற்றி உட்கார வைப்பார். வளைவில் திரும்பும்போது வண்டி உடம்பை வெளிப்பக்கம் தள்ளும். மாறி உட்கார்ந்தால் அம்மாவின் கனம் முழுவதும் குழந்தையை நசுக்கும். சரியாக உட்கார்ந்தால் குழந்தை போய் அம்மாவின் மேல் சாயும். "கொழந்த பயந்துச்சின்னா சாயறதுக்கு ஒரு ஆளு இருக்கணும். அது தன்னால நடக்கணும், யாரும் சொல்லித் தரக் கூடாது" என்பார்.

தனியாக ஏறுகிற குழந்தைகளுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். கூட வந்தவர்கள் நிற்கிற கம்பி வேலியை வளைவை ஒட்டியே போடுவார். ஒவ்வொரு சுற்றிலும் குழந்தை தன் அம்மாவின் முகத்தைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும். பிறகு, எப்போது நிறுத்துவது என்பது. இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று குழந்தைக்குத் தோன்றும்போதே நிறுத்திவிடுவார். போதும் போதும் என்று கத்தும்வரை ஓட்டினால் அந்தக் குழந்தை மறுநாள் வராது என்பது அவர் கட்சி. பாட்டையும் மோட்டார் சுவிட்சோடு இணைத்திருந்தார். ரயில் ஓடினால் பாட்டு, நின்றால் அமைதி. பாட்டு நின்றதுமே அடுத்த கூட்டம் வரிசைக்கு வந்துவிடும். ரோட்டில் நிற்கிற ஆளுக்குக்கூட உள்ளே ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். ரயில் ஓடும்போது சுவிட்சை விட்டு ஓரடி நகரக் கூடாது. யார் செத்தாலும் பிழைத்தாலும் முதலில் ரயிலை நிறுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஊரார் குடும்பங்கள் சேர்ந்து உட்கார இத்தனை யோசித்த மனிதர், எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டது அபூர்வம். அதற்குக் காரணம் உண்டு. அம்மா மேல்சித்தாமூரில் ஒரு ஜைனக் குடும்பத்துப் பெண். அப்பா பெருமுக்கலில் நிலம் வைத்திருந்த வீட்டுப் பையன். தாங்களாகவே செய்துகொண்ட கல்யாணம் என்பதால் இரண்டு பக்கத்திலும் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அப்பாவுக்காக எவ்வளவோ விட்டுக்கொடுத்தாள். ஒன்றை மட்டும் விடவில்லை. ஜைனர் வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டாள். அப்பாவின் தொழிலோ பொழுது சாய்ந்துதான் ஆரம்பம். மதியமே மைதானத்துக்குப் போய் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிப் பார்த்து, கிரீஸ் தடவி, விளக்குப் போடுகிற நேரத்துக்கு ரயிலைத் தயாராக்க வேண்டும். உள்ளூரில் ரயில் ஓடினாலும் அம்மா வீட்டில் தனியாகத்தான் சாப்பிடுவாள். ரயிலை விற்றுவிட்டுத் திண்டிவனத்திலேயே ஒரு மோட்டார் ரிப்பேர் கடை போடலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அம்மா அப்பாவிடம், "இன்னிக்கி ஒரு நாளு, பொழுது சாயறதுக்குள்ள மூணு பேரும் ஒண்ணா சாப்புடலாங்க. நான் மைதானத்துக்கே கேரியர் எடுத்தாறேன்" என்றாள். அப்பா சரி என்றார். அவள் கேட்டது சோறு மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று அவர் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அம்மா எங்களோடு இருந்திருப்பாள். எனக்கோ பொருட்காட்சி மைதானத்தில் சாப்பாடு என்பதே பெரிய விசேஷமாக இருந்தது.

டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஃப்ளெக்ஸை விரித்து உட்கார்ந்தோம். புளிச்சோறு, வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டைத் துவையல். அம்மா மூன்று தட்டிலும் பரிமாறினாள். அப்பா மண்ணெண்ணெய் போட்டுக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வந்து உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார். அப்போது மைக்கில் சித்தப்பாவின் குரல் வந்தது. சித்தப்பாதான் டிக்கெட் கொடுப்பவர். மைக் கையில் இருந்தால் வீட்டு விஷயத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"அண்ணே, ஜல்தியா வாண்ணே. கேட்டாண்ட ஜனம் நின்னுக்கினு கீது. இன்னும் வெள்ளோட்டமே வுடல."

வெள்ளோட்டம் விடாமல் அப்பா ஒரு நாளும் ஆளை ஏற்ற மாட்டார். முதலில் மணல் மூட்டைகளை வைத்து ஓட்டுவார். பிறகு அவற்றை இறக்கிவிட்டு என்னை மட்டும் ஏற்றி ஓட்டுவார். சொந்தக் குழந்தையை ஏற்றி ஓட்டினால்தான் அடுத்தவர்கள் நம்புவார்கள் என்பார். மணல் மூட்டைக்கு அடுத்த இடம் எனக்கு என்பதில் எனக்குப் பெருமைதான்.

அப்பா தட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

"வெள்ளோட்டம் மட்டும் முடிச்சிட்டுத் தோ வந்துர்றேன்."

"பொழுது நிக்காதுங்க" என்றாள் அம்மா.

"ஒரே நிமிஷம்."

"ஊருல இருக்கிற குடும்பத்தையெல்லாம் ஒண்ணா ஒக்கார வெக்கிறீங்க. நம்ம மூணு பேரு ஒண்ணா ஒக்காந்து எத்தினி நாளாச்சி?" அவள் குரலை உயர்த்தவில்லை. கேரியரை ஒவ்வொரு அடுக்காக மூடினாள். "நான் ஊருக்குப் போறேன். இனிமே என்னால முடியாது. என் பின்னால வராதீங்க."

ஊருக்கு என்றதும் எனக்கு மேல்சித்தாமூர் மாமா வீட்டு மாடும் கன்றும்தான் நினைவுக்கு வந்தன. லீவில் போகிற மாதிரி நினைத்துக்கொண்டு, நாளைக்கு நானும் வரலாமா என்று கேட்டேன். அம்மா புடவைத் தலைப்பால் என் வாயைத் துடைத்தாள். மணல் மூட்டைகள் ஒரு நடை ஓடி இறங்கியதும், அவளே என்னைத் தூக்கிக்கொண்டு போய் முதல் பெட்டியில் உள்பக்கமாக உட்கார வைத்தாள். கம்பியைப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். பிறகு வேலியருகே போய் நின்றாள்.

அப்பா சுவிட்சைப் போட்டார். பாட்டு ஆரம்பித்தது.

முதலில் அம்மா கையை ஆட்டினாள். அடுத்த தடவை வந்தபோது வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அடுத்த தடவை அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். கூட்டத்தில் அம்மா பின்னால் தள்ளிப் போயிருப்பாள் என்று நினைத்து, தெரியாத அந்தப் பெண்ணுக்கே கையை ஆட்டினேன்.

ரயில் வழக்கமாக நிற்கிற சமயம் வந்தது. நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா எனக்காகச் சட்டத்தை மீறுகிறார் என்று நினைத்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல. "வெள்ளோட்டம் நடந்துக்கினு இருக்குது, குடும்பத்தோட வாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று மைக்கில் சிரித்தார். ரயில் ஓடியது. பிறகும் ஓடியது. வளைவில் திரும்பும்போதெல்லாம் நான் வெளிப்பக்கமாகச் சரிந்தேன். சாய அங்கே யாரும் இல்லை. பெட்டியின் வெளி ஓரத்து இரும்புக் கம்பியில் தோள் போய் இடித்தது. நகர்ந்து உள்ளே வருவேன், வளைவு வரும், மறுபடி இடிக்கும். டக் டக் என்ற அந்தத் தகரச் சத்தம் முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது. தலை சுற்றியது.

"அப்பா, நிறுத்துப்பா" என்று கத்தினேன். ஒவ்வொரு சுற்றிலும் கத்தினேன். அழுதேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு, மைதானத்து மதில் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம், மேல்சித்தாமூருக்கு பஸ் போகிற செஞ்சி ரோடு. பஸ் ஸ்டாப்போ, அங்கே நிற்கிற ஆளோ தெரியாது. போகிற பஸ்ஸின் கூரை மட்டும் மதிலுக்கு மேலே நகர்வது தெரியும். சித்தப்பா மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவர் தோளைத் தொட்டார்.

"அண்ணே, கொழந்த அழுவுதுண்ணே. நிறுத்து."

அப்பா அசையவில்லை. அடுத்த சுற்றில், மேட்டின் உச்சியில், சாப்பிட்டதையெல்லாம் என் கவுனிலேயே வாந்தி எடுத்தேன். அப்போதுதான் சுவிட்சை அணைத்தார். ரயிலும் பாட்டும் நின்றன. அவர் ஓடிவந்து என்னைத் தூக்கியபோது அவர் முகத்திலேயே அடித்தேன். அவர் வாங்கிக்கொண்டார். கூண்டுக்குப் பின்னால் அவருடைய தட்டு அப்படியே இருந்தது. கேரியர் மூடியபடி இருந்தது. நன்றாக இருட்டியிருந்தது.

அதற்கப்புறம் கோர்ட், பஞ்சாயத்து என்று எதுவும் நடக்கவில்லை. சித்தப்பா வீட்டோடு இருந்து திண்டிவனத்தில் படித்தேன். லீவுக்கு மேல்சித்தாமூர் போய் வந்தேன். இரண்டு இடத்திலும் என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அப்பா அம்மாவைப் பற்றியோ, அம்மா அப்பாவைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ரயிலில் மட்டும் நான் மறுபடி ஏறவில்லை. அவர் என்னை ஏன் அப்படி அழவிட்டார் என்ற கோபம் எனக்கு வளர்ந்த பிறகும் போகவில்லை.

விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது நான் அதைக் கேட்டேவிட்டேன்.

"பின்னால வராதன்னுட்டா. ரயிலு நின்னா என் காலு தன்னால ரோட்டுக்குப் போயிடும். ஓடிக்கினு இருந்தா சுவிட்ச வுட்டு நகர முடியாது இல்ல? அதான் ஓட்டிக்கினே நின்னேன்" என்றார்.

எனக்காகத்தான் ஓட்டினார், நான் இறங்கி அம்மா பின்னால் ஓடாமல் இருக்கத்தான் ஓட்டினார் என்று அதுவரை ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அவர் ரயிலில் கட்டிப்போட்டது என்னை அல்ல, தன்னை.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து, மேல்சித்தாமூருக்குப் போயிருந்தேன். பொழுது சாய்வதற்குள் என்று அம்மா சீக்கிரமே எனக்கும் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னிக்கி ரோட்டாண்ட வந்த செஞ்சி பஸ்ஸயெல்லாம் வுட்டுட்டு நின்னுக்கினே இருந்தேன். பாட்டு நின்னா அவரு வருவாருன்னு. பாட்டு நிக்கவே இல்ல. சரி, அவருக்கு ரயிலுதான் பெருசுன்னு ஏறிட்டேன். பஸ்ஸு நவுந்தப்பறம்தான் பாட்டு நின்னுச்சி. எறங்கலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள கண்டக்டரு டிக்கெட்ட கிழிச்சிக் குடுத்துட்டாரு."

அப்பா சொன்னதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இனி அது தெரிந்து அவள் என்ன செய்வாள்.

அந்த மைதானத்தில் அன்று மூன்று பேருக்கு அந்த ரயில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு பெரியவர்களும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாயைத் திறக்காமல் நின்றார்கள். நிறுத்து நிறுத்து என்று கத்தியவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தலை சுற்றியது என்பது மட்டும்தான்.