ஐந்தாவது கேள்வி

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் எங்களை மலேசியாவுக்கு அழைத்துப் போனார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய எங்கள் கல்லூரி அதற்கு வைத்த பெயர் சர்வதேசக் கல்விப் பயணம். ஆறு நாள், நான்கு கம்பெனி, மீதியெல்லாம் ஊர் சுற்றல். கம்பெனிக்கு ஒரு மணி நேரம், இரட்டைக் கோபுரத்துக்கு அரை நாள். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. முதல் தடவை விமானம் ஏறப்போகிறவளுக்கு எதுதான் தப்பாகத் தெரியும்?

ஆனால் எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. அத்தா, என் அப்பா, அப்போது பல்லாவரம் பக்கம் ஒரு மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே போனால் லோடு முடியும்வரை வெளியே வர முடியாது. கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் டீ டம்ளரைப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். பயணத் திட்டத்தில் நான்காவது கம்பெனி ஒரு பெரிய குளிர்கிடங்கு என்று படித்துக் காட்டினேன். அத்தா சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னார்: "அங்கெல்லாம் ஃப்ரீஸர் உள்ள ஒரு ஆள எவ்ளோ நேரம் நிக்க வெக்கிறாங்கன்னு மட்டும் கேட்டுகினு வா மா. வேற ஒண்ணும் வாங்கியார வேணாம்."

கேட்பதற்கு என்ன, வாயைத் திறந்தால் போதும் என்று நினைத்தேன். முதல் கம்பெனி வாசலில் பஸ் நின்றதும்தான் விஷயம் தெரிந்தது. கூட வந்த பேராசிரியர் ஐந்து துண்டுச்சீட்டுகளை எடுத்தார். ஐந்து கேள்விகள். நுனிநாக்கு இங்கிலீஷ் பேசும் ஐந்து பேருக்குக் கொடுத்தார். "இத விட்டு வேற எதுவும் கேக்காதீங்க. காலேஜ் மானம் போயிடும்," என்றார். எனக்குக் கிடைத்தது பேனர். தாம்பரத்தில் அடித்து, சுருட்டி, விமானத்தில் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ் பேனர். கேள்விகள் முடிந்ததும் அதை நான் ஒரு முனையில் பிடிக்க, எல்லோரும் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று கம்பெனிகள் இப்படியே கழிந்தன. "உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?" என்று ஒருவன் கேட்பான். அந்த நிறுவனத்தின் தொலைநோக்கு அவன் தலைக்கு மேலேயே சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். பாவம், அந்த மேனேஜர்களும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டிப் பதில் சொன்னார்கள்.

நான்காவது கம்பெனியில் மேனேஜர் ஒரு பெண்மணி. ஐந்து சீட்டும் தீர்ந்தபின், வேறு ஏதாவது உண்டா என்று மரியாதைக்குக் கேட்டார். பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினேன். உடைந்த இங்கிலீஷில் அத்தாவின் கேள்வியைக் கேட்டேன். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அந்த அம்மா திரையை அணைத்துவிட்டு எங்களைக் கிடங்குக்கே கூட்டிப்போனார். கதவருகே ஒரு கடிகாரம். உள்ளே போகிறவரின் பெயரை அதன் பக்கத்தில் மாட்டுகிறார்கள். நேரம் முடிந்தால் மணி அடிக்கிறது, வேலை பாதியில் இருந்தாலும் ஆள் வெளியே வந்தாக வேண்டும். அடுத்த அறையில் வெதுவெதுப்பான காற்று, சூடான இஞ்சி டீ. அங்கே ஒரு தொழிலாளி கையுறையைக் கழற்றி விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். மடங்கின. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதனால் கிளம்பத் தாமதமாகி, அன்று மாலை கேபிள் கார் பார்க்க முடியாமல் போய்விட்டது. பஸ்ஸில் என்னோடு யாரும் பேசவில்லை. "லேபர் கொஸ்டின் எல்லாம் உனக்கு எதுக்கும்மா? நீ மேனேஜ்மென்ட் படிக்கிறியா, யூனியன் நடத்தப் போறியா?" என்றார் பேராசிரியர். நான் ஸாரி சொன்னேன். அவர் பேசியதைவிட, நான் ஸாரி சொன்னதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஊருக்கு வந்து அத்தாவிடம் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் போய் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். "உன் பொண்ணு ஃபாரின் போனா உனக்கும் ஃபாரின் ரூலா பாய்?" என்று கேட்டானாம். அத்தா இதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கிடையே, அந்த மலேசிய அம்மா என் கேள்வியைப் பாராட்டிக் கல்லூரிக்கு மெயில் அனுப்பியிருந்தார். ஆண்டு மலரில் அந்தக் கேள்வியும் பாராட்டும் அச்சாகி வந்தன, ஐந்தாவது சீட்டு வைத்திருந்த பையனின் பெயரில்.

இப்போது வண்டலூரைத் தாண்டி ஒரு குளிர்கிடங்கில் நான் மேனேஜர். கதவருகே கடிகாரம் இருக்கிறது, பக்கத்தில் வெதுவெதுப்பான அறை இருக்கிறது. இரண்டுக்கும் முதலாளியோடு சண்டை போட்டேன். அத்தா வேலையை விட்டுவிட்டார். அவர் விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார்.

போன மாதம் அதே கல்லூரியிலிருந்து மாணவர்கள் எங்கள் கிடங்கைப் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே அவர்களின் ஆசிரியர் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினார்: "மேடம், இந்த அஞ்சு கேள்விதான் கேப்பாங்க. ஆன்சர் ரெடியா வெச்சுக்கோங்க." ஐந்தாவது என்னுடையது. என் உடைந்த இங்கிலீஷை மட்டும் யாரோ சரிசெய்திருந்தார்கள். வருஷா வருஷம் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

மறுநாள் ஒரு பெண் எழுந்து, சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அதைப் படித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இரண்டு பேர் பேனரைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"பேனரைச் சுருட்டுங்க. எல்லாரும் அங்க மாட்டியிருக்கிற குளிர் கோட்ட எடுத்துப் போட்டுக்கினு என் கூட வாங்க," என்றேன். "பதில் உள்ள இருக்கு."

ஆசிரியர் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், அடுத்து ஜூக்குப் போகணும். லேட்டானா மூடிடுவாங்க."

"மூடட்டும் சார்," என்று சொல்லி ஃப்ரீஸர் கதவைத் திறந்தேன்.